ஒரே இடத்துல நாலஞ்சு வயர்லெஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர் ஓட்டணுமா, காத்துல இருக்கிற இடத்தை இப்படி பங்கு போடுங்க

ஒரே ஒரு கேமராவுல டிரான்ஸ்மிட்டர் மாட்டி ஓட்டுற வரைக்கும் எல்லாரும் ராஜா தான். ரெண்டாவது செட் வந்தாலும் பெருசா ஒண்ணும் தெரியாது. மூணாவது நாலாவது வந்ததுக்கு அப்புறம் தான் கூத்து ஆரம்பிக்கும், ஒரு படம் கட்டம் கட்டமா உடையும், அதை சரி பண்ணா பக்கத்து கேமரா போயிடும், ஆளாளுக்கு ஆன்டெனாவ திருப்புவாங்க, யாரோ ஒருத்தர் பவரை ஃபுல்லா ஏத்தி விடுவாரு, அப்புறம் இருந்ததும் போச்சு. நான் இந்த எல்லா தப்பையும் பண்ணியிருக்கேன், சிலது ரெண்டு தடவை. அதனால வரிசையா என்ன பண்ணணும்னு எழுதிடுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடுவோம். பேண்ட்விட்த்னு சொல்லும்போது நம்ம ஆளுங்க ரெண்டு விஷயத்தை போட்டு குழப்பிக்கிறாங்க. ஒண்ணு காத்துல ஒரு டிரான்ஸ்மிட்டர் எவ்ளோ அகலமா உக்காருது, அது மெகாஹெர்ட்ஸ் கணக்கு. இன்னொண்ணு அதுக்குள்ள எவ்ளோ டேட்டா போகுது, அது மெகாபிட் கணக்கு. கேமராவுல இருந்து எஸ்டிஐ (தொழில்முறை கேமராவுல வீடியோ எடுத்துட்டு போற கேபிள்) வயர்ல வர்ற 1080பி 60 ஃப்ரேம் சிக்னல் கிட்டத்தட்ட 3 ஜிகாபிட், அதை ஹெச்.264ங்கிற வீடியோ சுருக்குற முறையில அமுக்குனா 8, 10 மெகாபிட்டுல கூட பார்க்கிற மாதிரி போயிடும். ஆனா 8 மெகாபிட் தானேன்னு நீங்க நினைச்சாலும், அந்த டிரான்ஸ்மிட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல உக்காந்துச்சுன்னா பக்கத்துல இருக்கிறவனுக்கு அந்த 40ம் போச்சு. நிறைய செட் ஓட்டும்போது உங்களுக்கு பஞ்சம் வர்றது இந்த அகலத்துல தான்.

உங்க கையில இருக்கிறது எந்த ஜாதி டிரான்ஸ்மிட்டர்

மூணு வகை இருக்கு, மூணுக்கும் பங்கு போடுற முறை வேற வேற. முதல் வகை அனலாக், ட்ரோன் ரேஸ்ல எல்லாம் பார்த்திருப்பீங்க, 5.8 ஜிகாஹெர்ட்ஸ்ல எஃப்எம்ல படத்தை அப்படியே அனுப்பிடும், யாராவது பேசுறாங்களான்னு கேக்கவே கேக்காது, ஆன் பண்ணா கத்த ஆரம்பிச்சுடும். ரெண்டாவது வகை ஷூட்டிங்ல லைவ்ல பயன்படுத்துற டிஜிட்டல் செட், ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒரு ரிசீவர்னு ஜோடியா வரும், 5 ஜிகால தனக்குன்னு ஒரு சேனலை பிடிச்சு வச்சுக்கும், லேக், அதாவது படம் வந்து சேர்ற தாமதம், ரொம்ப கம்மி. மூணாவது வகை வைஃபையிலேயே ஓடுறது, ஐபி கேமரா, போன்ல ஆப் போட்டு கேமராவா மாத்துறது, வீடியோவை சுருக்கி நெட்வொர்க்ல அனுப்புற சின்ன என்கோடர் பாக்ஸ் இதெல்லாம், இதுங்க எல்லாம் ஒரே ரூட்டர்ல தொங்கிக்கிட்டு ஒரே சேனலை மாத்தி மாத்தி பயன்படுத்தும்.

அனலாக்குக்கும் ஜோடி செட்டுக்கும் ஆளுக்கொரு சேனல்னு பிரிச்சு குடுக்கணும். வைஃபைக்கு நேரத்தை பிரிச்சு குடுக்கணும். இது தெரியாம நாலு ஐபி கேமராவுக்கு சேனல் மாத்த முடியலையேன்னு ஒருத்தர் ஒரு மணி நேரம் மெனுவை நோண்டிட்டு இருந்ததை பார்த்திருக்கேன், ஒரே ரூட்டர்ல இருந்தா எல்லாருக்கும் ஒரே சேனல் தான், வேற வழி கிடையாது.

சேனல் தேடுறதுக்கு முன்னாடி ஆளை குறைங்க

இதை யாரும் பண்றதில்ல, ஆனா இதுல கிடைக்கிற லாபம் வேற எதுலயும் கிடைக்காது. ஸ்டாண்டுல நட்டு வச்ச கேமராவுக்கு எதுக்கு வயர்லெஸ்? ஹெச்டி எஸ்டிஐ நல்ல கேபிள்ல 100 மீட்டர் பக்கம் போகும், ஹெச்டிஎம்ஐ தான் அவுட்டுன்னா கன்வெர்ட்டர் போட்டு எஸ்டிஐயா மாத்தி இழுங்க. நடக்கிற கேமரா, கிம்பல், கிரேன் இதுக்கு மட்டும் வயர்லெஸ்னு முடிவு பண்ணா அஞ்சு செட் பாதி நேரம் ரெண்டா சுருங்கிடும்.

அடுத்தது மானிட்டர் பார்க்கிறவங்க. டைரக்டருக்கு ஒரு செட், ஃபோகஸ் பார்க்கிறவருக்கு ஒரு செட், காசு குடுத்தவருக்கு ஒரு செட்னு ஒரே கேமராவோட படத்தை மூணு டிரான்ஸ்மிட்டர்ல அனுப்புறது பாவம். ஒரே டிரான்ஸ்மிட்டர்ல இருந்து ரெண்டு மூணு ரிசீவர் எடுக்கிற மாடல் நிறைய இருக்கு, ரிசீவர் கூடுறதுனால சேனல் கூடாது. இல்லைன்னா ஒரு ரிசீவர்ல வாங்கி லூப் அவுட்லயோ (வந்த படத்தை அப்படியே வெளிய விடுற சாக்கெட்) ஸ்ப்ளிட்டர்லயோ வயர்ல பிரிச்சுக்குங்க. நாலு கேமராவையும் ஒருத்தர் சும்மா பார்த்தா போதும்னா, கேமரா பக்கத்துலயே ஒரு குவாட் பாக்ஸ் வச்சு நாலு படத்தையும் ஒரே ஸ்க்ரீன்ல சேர்த்து அந்த ஒரு படத்தை மட்டும் ஒரே டிரான்ஸ்மிட்டர்ல அனுப்புங்க. நாலு சேனல் வேலை ஒரு சேனல்ல முடிஞ்சுது.

இன்னொரு பக்கம், போன்ல ஆப் திறந்து பார்க்கிற வசதி இருக்கிற மாடல்ல ஜாக்கிரதை. அங்க ஒவ்வொரு போனுக்கும் அதே வீடியோ தனித்தனியா போகலாம், மூணு பேர் பார்த்தா காத்துல மூணு மடங்கு, அதனால ஷோ நடக்கும்போது அந்த ஆப்பை மூட சொல்லிடுங்க.

இடத்தை ஸ்கேன் பண்றது

உங்க செட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு முதல்ல அங்க ஏற்கனவே என்ன ஓடுதுன்னு பாருங்க. போன்ல வைஃபை அனலைசர் ஆப் போட்டா ரூட்டர் எல்லாம் தெரியும், எந்த சேனல்ல எவ்ளோ ஸ்ட்ராங்கா வருதுன்னு காட்டும். ஆனா அது வைஃபையை மட்டும் தான் காட்டும்ங்கிறதை மறந்துடாதீங்க, ஒரு அனலாக் டிரான்ஸ்மிட்டர் பக்கத்துலயே கத்திக்கிட்டு இருந்தாலும் அந்த ஆப்புக்கு காது கேக்காது, வைஃபை இல்லாத டிஜிட்டல் செட்டும் அப்படித்தான். அதுக்கு ரிசீவர்லயே ஸ்கேன் ஆப்ஷன் இருந்தா அதை ஓட்டுங்க, கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒண்ணு இருந்தா இன்னும் நிம்மதி. டேபிள்ல உக்காந்துக்கிட்டு ஸ்கேன் பண்ணாதீங்க, ரிசீவர் எங்க நிக்கப்போகுதோ அந்த இடத்துல, அந்த உயரத்துல பண்ணுங்க.

ஸ்கேன் பண்ணும்போது நம்ம ஆளுங்க பாக்கெட்டையும் பாருங்க. ஹாட்ஸ்பாட் ஆன்ல இருக்கிற போன், ட்ரோன் ரிமோட், 2.4ல ஓடுற இன்டர்காம், வயர்லெஸ் மைக், எல்லாமே காத்துல இடம் பிடிக்கிற ஆளுங்க தான். பெரும்பாலும் பிரச்சனை பண்றது எதிர்வீட்டு ரூட்டர் கிடையாது, நம்ம டீம்ல யாரோ 5 ஜிகால ஹாட்ஸ்பாட் போட்டு படம் அப்லோட் பண்ணிட்டு இருப்பாங்க.

5 ஜிகாவோட மேப்

இதை ஒரு தடவை மனசுல பதிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. சேனல் நம்பரை 5ஆல பெருக்கி 5000 கூட்டுனா நடு ஃப்ரீக்வன்சி வந்துடும், 36னா 5180, 149னா 5745. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல கீழ 36, 40, 44, 48னு நாலு, மேல 149, 153, 157, 161, 165னு அஞ்சு, இது தான் தொந்தரவு இல்லாத இடம். நடுவுல 52ல இருந்து 64 வரைக்கும் நாலும் 100ல இருந்து 144 வரைக்கும் பன்னண்டும் இருக்கு, ஆனா அது ரேடாரோட பங்கு போட்டுக்கிற இடம், டிஎஃப்எஸ்னு சொல்லுவாங்க. எந்த நாட்டுல எது அனுமதி, எவ்ளோ பவர் அனுமதிங்கிறது மாறும், அதை உங்க ஊர் விதிப்படி பார்த்துக்குங்க, வேற நாட்டு செட்டிங்கை போட்டு கூடுதல் சேனல் திறக்கிற வேலை வேண்டாம்.

இப்போ கணக்கு போடுங்க. 20 அகலத்துல போனா ரேடார் இல்லாத இடத்துல ஒன்பது செட் கோட்டுல நிக்கும். அதே 40 அகலத்துக்கு மாத்துனா 36+40, 44+48, 149+153, 157+161னு நாலு தான். 80ன்னா ரெண்டே ரெண்டு. அங்க இருக்கிற ரூட்டர் ஒண்ணு 80ல உக்காந்திருந்தா அதுவே பாதியை தின்னுடும். அதனால உங்க செட்ல அகலத்தை குறைக்கிற ஆப்ஷன் இருந்தா நிறைய பேர் சேரும்போது 20க்கு இறக்குங்க. பிட்ரேட் குறையும், ஆமா, ஆனா அகலத்தை பாதியாக்குனா ரிசீவருக்குள்ள வர்ற நாய்ஸும் 3 டிபி, அதாவது பாதியா, குறையும், அதனால தூரத்துல பிடிப்பு கொஞ்சம் நல்லாவே இருக்கும். மானிட்டர்ல பார்க்கிறதுக்கு மட்டும்னா 20 தாராளம். ஸ்விட்சருக்கு (கேமராக்களை மாத்தி மாத்தி கட் பண்ற மெஷின்) போய் லைவ்ல வர்ற மெயின் கேமரா ஒண்ணுக்கு வேணா 40 குடுங்க.

சேனல் குடுக்கும்போது ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டி குடுக்காதீங்க. பேப்பர்ல 36ம் 40ம் தனித்தனி தான், ஆனா எந்த டிரான்ஸ்மிட்டரும் கத்தியால வெட்டுன மாதிரி 20க்குள்ள நிக்காது, ஓரத்துல கொஞ்சம் வழியும். ரெண்டு கேமராவும் பக்கத்து பக்கத்துல நிக்கும்னா ஒண்ணை கீழ 36லயும் இன்னொண்ணை மேல 157லயும் போடுங்க, தூரத்துல நிக்கிறதுங்களுக்கு பக்கத்து சேனல் குடுத்தாலும் தாங்கும்.

ஆட்டோ மோடை ஆஃப் பண்ணுங்க

ஒரு செட் மட்டும் இருக்கும்போது ஆட்டோ சேனல் வரம். நாலு செட் இருக்கும்போது அது தலைவலி, ஏன்னா ஒண்ணு டிஸ்டர்ப் ஆகி இடம் மாறும், மாறி வந்து இன்னொண்ணு மேல உக்காரும், அது எழுந்து மூணாவது மேல போய் விழும், இப்படி நாற்காலி பிடிக்கிற விளையாட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் மேனுவல்ல போட்டு லாக் பண்ணுங்க. அங்க இருக்கிற உங்க ரூட்டரையும் சேர்த்து தான் சொல்றேன்.

டிஎஃப்எஸ் சேனல்ல ஒரு கதை இருக்கு. ஒரு லைவ்ல மேல கீழ எல்லாம் ஃபுல்லுன்னு நான் ஒரு செட்டை 100க்கு மேல தள்ளி விட்டுட்டேன், ரிகர்சல்ல ஜம்முன்னு ஓடுச்சு. ஷோ நடுவுல அந்த படம் மட்டும் கருப்பாச்சு. நான் என்ன பண்ணேன், டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னேன், வரல, மறுபடி ஆஃப் ஆன், வரல, மறுபடி. அப்புறம் தான் உறைச்சுது, அந்த சேனல்ல உக்காருறதுக்கு முன்னாடி அது 60 வினாடி ரேடார் இருக்கான்னு கேட்டுட்டு தான் வாய் திறக்கும், நான் ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும் அந்த 60 வினாடியை முதல்ல இருந்து ஆரம்பிச்சு விட்டுட்டு இருந்திருக்கேன். ரேடார் மாதிரி எதையாவது பார்த்துட்டா அந்த சேனலுக்கு 30 நிமிஷம் திரும்பி வரவே கூடாதுங்கிறது விதி. 120, 124, 128 பக்கம், அதாவது 5600ல இருந்து 5650 வரைக்கும் வானிலை ரேடார் இருக்கிற இடம், சில நாட்டு விதிப்படி அங்க 10 நிமிஷம் காத்திருக்கணும். சும்மா மானிட்டர் பார்க்கிற செட்டுக்கு டிஎஃப்எஸ் ஓகே, லைவ்ல கட் பண்ற கேமராவை அங்க போடாதீங்க.

அனலாக் ஆளுங்களுக்கு

இங்க பொறி வேற மாதிரி. 5.8ல ஏ, பி, இ, எஃப், ரேஸ்பேண்ட்னு அஞ்சு பேண்டு, ஒவ்வொண்ணுலயும் எட்டு, மொத்தம் 40 சேனல்னு பெருமையா போட்டிருப்பான். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடக்கிற சேனல். ஒரு அனலாக் படத்துக்கு ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் வேணும், அதனால நிஜத்துல அஞ்சாறு பேர் பறக்கலாம், கஷ்டப்பட்டு எட்டு. அதோட சில சேனல் உங்க ஊர்ல லைசென்ஸ் இல்லாம தொடவே கூடாத இடத்துல விழும், இ பேண்டோட ஓரங்களை முக்கியமா பார்த்துக்குங்க.

ரேஸ்பேண்டு 5658ல ஆரம்பிச்சு 37, 37ஆ ஏறி 5917 வரைக்கும் போகும். பார்க்க அழகா சம இடைவெளியில இருக்கு, நாலு பேர் பறக்கணும்னா ஒண்ணு விட்டு ஒண்ணு, ஆர்1, ஆர்3, ஆர்5, ஆர்7னு குடுக்க தோணும். அங்க தான் மாட்டிக்குவோம். ரெண்டு டிரான்ஸ்மிட்டர் பக்கத்துல நின்னா ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணோட ஆம்ப்ளிஃபையருக்குள்ள புகுந்து புதுசா ரெண்டு பேய் சிக்னல் பிறக்கும், இன்டர்மாடுலேஷன்னு பேரு. எங்க பிறக்கும்னு கண்டுபிடிக்க ஈஸி, ஒண்ணை ரெண்டால பெருக்கி மத்ததை கழிங்க. ஆர்1 5658, ஆர்3 5732. 5732ஐ ரெண்டால பெருக்கி 5658ஐ கழிச்சா 5806, அது என்ன? சாட்சாத் ஆர்5. அதாவது முதல் ரெண்டு பேர் ஆன் பண்ணாலே மூணாவது ஆளோட சேனல்ல ஒரு பேய் வந்து உக்காந்துடும். சம இடைவெளி எங்க போட்டாலும் இதே கதி தான், 5740, 5780, 5820னு போட்டாலும் கணக்கு போட்டு பாருங்க.

அதனால வேணும்னே கோணல் மாணலா இடைவெளி விட்ட செட் ஒண்ணு ரேஸ் ஆளுங்க கிட்ட புழக்கத்துல இருக்கு, ஆறு பேருக்கு 5658, 5695, 5760, 5800, 5880, 5917. இதுல எந்த ரெண்டை எடுத்து கணக்கு போட்டாலும் பேய் யார் தலையிலயும் நேரா விழாது, கிட்ட வந்தாலும் 12 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும். மூணு நாலு பேர் தான்னா இதுலயே தூரமா இருக்கிறதுங்களை எடுத்துக்குங்க. இதுல 5760, 5800 ரெண்டும் வைஃபையோட 149ல இருந்து 161 வரைக்கும் இருக்கிற இடத்துல விழுது, அதனால அங்க ரூட்டர் ஓடுச்சுன்னா அதை கீழ 36 பக்கம் தள்ளி விடுங்க.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். ஒருத்தர் பறந்துட்டு இருக்கும்போது இன்னொருத்தர் டேபிள்ல வச்சு பவர் குடுக்க கூடாது, பிட் மோட் (ரொம்ப கம்மி பவர்ல நிக்கிற மோட்) இருந்தா அதுல போட்டு சேனலை செட் பண்ணிட்டு அப்புறம் வாங்க. பக்கத்து சேனல்ல இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வலது சுத்து ஆன்டெனாவும் (அலையை வலப்பக்கமா சுழற்றி அனுப்புறது) இன்னொருத்தருக்கு இடது சுத்தும் குடுத்தா கூடுதலா கொஞ்சம் பிரிவு கிடைக்கும், ஆனா சுவத்துல பட்டு திரும்புற சிக்னல் சுத்து மாறி வரும், அதனால உள்ளரங்கத்துல அதை ரொம்ப நம்பாதீங்க.

பவரை இறக்குங்க, ஏத்தாதீங்க

இதை சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. படம் உடையுதுன்னா கை தானா பவர் மெனுவுக்கு தான் போகும். எல்லாரும் கத்துற இடத்துல நீங்களும் கத்துனா பக்கத்து ஆளு இன்னும் கத்துவான், அவ்ளோ தான் நடக்கும். 25 மில்லிவாட்டை 100 ஆக்குனா, அதாவது நாலு மடங்கு ஆக்குனா தான் திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆகும். ஆனா 25ல இருந்து 800க்கு போனா பக்கத்து சேனல்காரனுக்கு வழியுற குப்பை 15 டிபி ஏறிடும்.

அதை விட மோசம் கிட்ட இருக்கிறவன் தூரத்துல இருக்கிறவனை அமுக்குறது. ஒரு கேமரா ரிசீவர்ல இருந்து 5 மீட்டர்ல, இன்னொண்ணு 50 மீட்டர்லன்னு வச்சுக்குங்க, ரெண்டும் ஒரே பவர். தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 டிபி குறையும், பத்து மடங்கு ஆனா 20 டிபி. அப்போ கிட்ட இருக்கிறது தூரத்துல இருக்கிறதை விட 100 மடங்கு சத்தமா ரிசீவர் காதுல விழும், வேற சேனல்ல இருந்தாலும் ரிசீவரோட முன்பக்கம் திணறிடும். கிட்ட இருக்கிற கேமராவோட பவரை கீழ இறக்குனா தூரத்துல இருக்கிற கேமரா தானா தெளிவாகும், ஒரு தடவை செஞ்சு பாருங்க, மேஜிக் மாதிரி இருக்கும். அதே காரணத்துக்காக ஒரு கேமராவோட டிரான்ஸ்மிட்டரையும் இன்னொரு கேமராவோட படம் பார்க்கிற ரிசீவரையும் ஒரே டிராலியில பக்கத்து பக்கத்துல மாட்டாதீங்க, குறைஞ்சது ரெண்டு மூணு மீட்டராவது தள்ளி வைங்க.

ரிசீவர் எங்க நிக்கணும்

பெரும்பாலும் ரிசீவரை எல்லாம் ஸ்விட்சர் டேபிள்ல வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, டேபிள் கடைசி வரிசைக்கு பின்னாடி இருக்கும், கேமரா மேடையில இருக்கும், நடுவுல ஆயிரம் பேர். மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, 5 ஜிகா சிக்னலை அது நல்லா குடிக்கும், அதோட ஆயிரம் பேர் பாக்கெட்லயும் போன். காலி ஹால்ல ரிகர்சல் பண்ணும்போது கண்ணாடி மாதிரி இருந்த படம் கூட்டம் வந்ததும் உடையுறது இதனால தான்.

ரிசீவரை தூக்கி மேடை ஓரத்துல, தலைக்கு மேல, ஸ்டாண்டுல வைங்க, அங்க இருந்து டேபிளுக்கு எஸ்டிஐ கேபிள் இழுங்க. வயர்லெஸ் ஓடுற தூரம் 60 மீட்டர்ல இருந்து 15 ஆகும், அப்போ பவரை இறக்கலாம், பவர் இறங்குனா ஒருத்தருக்கு ஒருத்தர் தொந்தரவு குறையும். இங்க ஆரம்பிக்கிற லாபம் மேல சொன்ன எல்லாத்துலயும் கூடும். பேனல் ஆன்டெனா மாட்டுற வசதி இருந்தா முதுகை கூட்டத்துக்கும் முகத்தை கேமராவுக்கும் காட்டுற மாதிரி திருப்பி வைங்க. கேமராவுல இருக்கிற ஆன்டெனா நேரா நிக்கணும், பேட்டரிக்கு பின்னாடியும் கேமராமேன் நெஞ்சுக்கு பக்கத்துலயும் ஒளிச்சு வச்சுட்டு சிக்னல் வரலன்னு சொல்லாதீங்க.

வைஃபைல ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியது

இங்க எல்லாரும் ஒரே சேனல்ல மாத்தி மாத்தி பேசுறாங்க, ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாயை மூடிக்கணும். அதனால யார் எவ்ளோ மெகாபிட் அனுப்புறாங்கங்கிறதை விட, யார் எவ்ளோ நேரம் பேசுறாங்கங்கிறது தான் முக்கியம். லிங்க் ஸ்பீடுன்னு ரூட்டர் காட்டுறதுல பாதி தான் நிஜமா கிடைக்கும்னு வச்சுக்கிட்டு ஒரு கணக்கு போடுவோம். நாலு கேமரா, ஒவ்வொண்ணும் 8 மெகாபிட். மூணு கிட்ட இருக்கு, லிங்க் 130, நிஜத்துல 65, அப்போ ஒவ்வொண்ணும் நேரத்துல 12 சதவீதம் எடுக்கும், மூணும் சேர்ந்து 37. நாலாவது தூரத்துல சுவத்துக்கு பின்னாடி, லிங்க் 26, நிஜத்துல 13, அது ஒண்ணு மட்டும் 61 சதவீதம். மொத்தம் 98. எல்லாரும் 8 தான் அனுப்புறாங்க, ஆனா வண்டி நிக்கிறது அந்த ஒருத்தனால, அதுவும் படம் உடையுறது அவனுக்கு மட்டும் இல்ல, நாலு பேருக்கும்.

இதுக்கு ரூட்டரை மாத்தி வேகமானது வாங்குறதுல பிரயோஜனம் கம்மி, அந்த தூரத்து கேமராவுக்கு அதே 26 தான் வரும். அதை கிட்ட கொண்டு வாங்க, இல்ல ரூட்டரை நடுவுக்கு நகத்துங்க, இல்ல அதோட பிட்ரேட்டை 3க்கு இறக்குங்க, இல்ல அதுக்கு மட்டும் வேற சேனல்ல தனியா ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வச்சு வயர்ல இணைங்க. கேமராவும் என்கோடரும் ஹெச்.264க்கு பதிலா ஹெச்.265 தாங்குச்சுன்னா அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி பிட்ரேட்டே போதும், ஆனா லேக்கும் டிகோட் பண்ற மெஷினோட மூச்சும் பார்த்துக்குங்க. மொத்த நேரத்துல 50, 60 சதவீதத்துக்கு மேல ப்ளான் பண்ணாதீங்க, மிச்சம் இருக்கிற இடம் தான் ரீட்ரைக்கும் (போய் சேராததை திரும்ப அனுப்புறதுக்கு) கூட்டத்தோட போனுக்கும்.

படம் வாங்குற கம்ப்யூட்டரையும் வைஃபைல வச்சீங்கன்னா அதே வீடியோ கேமராவுல இருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை காத்துல ஓடும். ஒரு ஈதர்நெட் கேபிள் போட்டா பாதி பாரம் குறைஞ்சுது. இந்த ரூட்டர்ல கேமராவை தவிர எதுவும் இருக்க கூடாது, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க. மல்டிகாஸ்ட்ல, அதாவது ஒரே ஸ்ட்ரீமை பல பேருக்கு சேர்த்து, வீடியோ அனுப்புறதை வைஃபைல தவிர்த்துடுங்க, அதை ரூட்டர் வழக்கமா ரொம்ப அடிமட்ட வேகத்துல அனுப்பும், அதுவும் போய் சேர்ந்துச்சான்னு கேக்காம அனுப்பும். பிட்ரேட்டை விபிஆர்ல (படத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குறது) விடாம சிபிஆர்ல (ஒரே அளவுல நிக்கிறது) வைங்க, இல்லைன்னா மேடையில லைட் பளபளன்னு மாறுன நொடியில நாலு கேமராவும் ஒரே நேரத்துல பொங்கிடும். கீஃப்ரேம், அதாவது முழு படமும் போற பெரிய ஃப்ரேம், வர்ற நொடியிலயும் அதே பிரச்சனை, ஒரே சுவிட்ச்ல நாலையும் ஆன் பண்ணா நாலோட கீஃப்ரேமும் சேர்ந்து விழ வாய்ப்பு இருக்கு, ஒரு வினாடி விட்டு ஒண்ணொண்ணா ஸ்டார்ட் பண்ணுங்க, சிரிப்பா இருக்கும், ஆனா வேலை செய்யுது.

டெஸ்ட்

எல்லாத்தையும் ஆன் பண்ணி, கேமராமேன்களை அவங்க நிக்கப்போற இடத்துக்கு எல்லாம் நடக்க விட்டு, பத்து நிமிஷம் ஓட்டுங்க. எது உடையுதோ அதை நோண்டாதீங்க, மத்ததை ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க. எதை ஆஃப் பண்ணதும் அது சரியாச்சோ அது தான் குற்றவாளி, அதோட சேனலையோ பவரையோ இடத்தையோ மாத்துங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் தான், ரெண்டை சேர்த்து மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. ஆள் இல்லாத ஹால்ல டெஸ்ட் பண்ணா பவரை ஒரு படி இறக்கி வச்சு பண்ணுங்க, அந்த நிலைமையில தாக்கு பிடிச்சா கூட்டம் வந்ததும் ஒரு படி ஏத்திக்கலாம்.

ரெண்டு கம்பெனி செட்டை கலந்து ஓட்டுறீங்கன்னா லேக்கையும் கைதட்டி செக் பண்ணிடுங்க, ஜோடி செட்டுல ஒண்ணுமே தெரியாது, வைஃபை செட்டுல 100 மில்லிசெகண்டுக்கு மேல கூட போகும், ரெண்டையும் மாத்தி மாத்தி கட் பண்ணா உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகும்.

கடைசியா ஒரு பேப்பர். எந்த கேமரா, எந்த சேனல், என்ன அகலம், என்ன பவர், இது நாலும் எழுதி டேபிள்ல ஒட்டுங்க, அதே நம்பரை டிரான்ஸ்மிட்டர் மேலயும் டேப்ல எழுதி ஒட்டுங்க. சேனல் மாத்துற அதிகாரம் ஒரே ஆளுக்கு தான், வீடியோ ட்ரோன் கொண்டு வர்றவரா இருந்தாலும் அவரை கேட்டுட்டு தான் ஆன் பண்ணணும். காலியா ஒரு சேனலை யாருக்கும் குடுக்காம ரிசர்வ்ல வைங்க, நடுவுல ஒரு செட் படுத்துடுச்சுன்னா அதுக்கு தாவுறதுக்கு. அதுவும் போச்சுன்னா மெயின் கேமரா பக்கத்துல சுத்தி வச்ச ஒரு எஸ்டிஐ கேபிள், ஒரு முனை ஏற்கனவே ஸ்விட்சர்ல மாட்டி, இன்னொரு முனை கேமராமேன் கை நீட்டுனா எட்டுற இடத்துல.